சாம்பிராணியின் இடது பின்னங்கால்

மேல்வெள்ளாவி ஏரிக்கரையில் சாம்பிராணி என்கிற சாம்பல் நிறப் பெண்குதிரையின் நான்கு கால்களும் தனித்தனியாகத்தான் பாடம் கற்கின்றன, ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்குத் தெரியாது என்பது மார்கழி மாதக் கடைசியில் தெரியவந்தபோது, அதைப் பழக்கிக்கொண்டிருந்த பவுனுத்தாய்க்கு முதலில் வந்தது அசதிதான். ஒரு குதிரை என்று நினைத்துக் கயிற்றைக் கையில் வாங்கியிருந்தாள், பார்த்தால் நான்கு இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், முப்பது வருடமாகக் குதிரைகளுக்கு முன்னால் நடந்து நடந்து தேய்ந்த உடம்பை வைத்துக்கொண்டு இன்னும் நாலு பேருக்குப் பாடம் எடுக்க வேண்டுமா என்று பெருமூச்சு விட்டவள், பிறகு சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வலது முன்னங்காலிடமிருந்து ஆரம்பித்தாள்.

அது தெரியவந்த விதம் இப்படி. ஏரியைச் சுற்றிப் போகிற தார்ச்சாலையில் குதிரையை நடத்திக்கொண்டு வந்தவள் படகுத்துறைக்குப் பக்கத்தில் "ஓவ்" என்றாள். ஓவ் என்றால் நிற்க வேண்டும், எந்தக் குதிரைக்கும் அதுதான் முதல் பாடம். வலது முன்னங்கால் சொன்ன மாத்திரத்தில் நின்றது. மற்ற மூன்றும் தங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லையே என்று நடந்துகொண்டே இருந்ததில், குதிரை நின்ற காலைச் சுற்றி முழுசாக ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து, இது யார் பார்த்த வேலை என்று தன் கால்களையே குனிந்து பார்த்தது. தலைக்கு அதில் பங்கில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

மேல்வெள்ளாவி மலையூர். சித்திரை பிறந்தால் கீழேயிருந்து ஜனம் வெயிலுக்குப் பயந்து மேலே ஏறிவரும், வந்தவர்கள் குதிரையில் ஏறி ஏரியை ஒரு சுற்று வராமல் இறங்கமாட்டார்கள். சந்தையிலிருந்து புதுக் குதிரை ஓட்டிவருகிற யாரும் அதைப் பவுனுத்தாயிடம்தான் விடுவார்கள். ஹாரன் சத்தத்துக்கு மிரளாமல், பலூனைக் கண்டு துள்ளாமல், ஆளைச் சுமந்துகொண்டு ஐந்து கிலோமீட்டரும் அமைதியாக நடந்துவரும்வரை அது அவள் கையில் இருக்கும். அவள் பிரம்பு வைத்துக்கொள்வதில்லை. அடித்தால் குதிரைக்கு அடிதான் ஞாபகம் இருக்கும், பாடம் மறந்துபோகும் என்பாள். கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பாள், குதிரைக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது ஒரு அடி எடுத்து வைக்கும், "ஆங்" என்பாள். வித்தை அவ்வளவுதான். வேகமாகக் கற்கிறதை வேகத்திலும் மெதுவாகக் கற்கிறதை அதன் மெதுவிலும் விட்டுவிடுவாள். பார்க்கிறவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும், ஆனால் காத்துக்கொண்டு நிற்பதைப்போல ஆளைக் களைக்க வைக்கிற வேலை உலகத்தில் வேறு கிடையாது, நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

குதிரைக்குச் சொந்தக்காரன் காஜா மைதீன், நல்லவன், அவசரக்காரன். சாம்பிராணிப் புகையின் நிறத்தைப் பார்த்து அவன்தான் பெயர் வைத்தான். மந்தமாக இருக்கிறவர்களையும் ஊரில் அப்படித்தான் திட்டுவார்கள் என்பது வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நான்கு கால் விவகாரத்தைக் கேட்டு ஓடி வந்தான்.

"என்னக்கா இது, ஒரு காலு படிச்சா மத்த மூணும் பாத்துக் கத்துக்கிறாதா?"

"ஒங்கூடப் பொறந்தவங்க மூணு பேருல்ல தம்பி? நீ படிச்சத அவங்க பாத்துக் கத்துக்கிட்டாங்களா?"

"நானே படிக்கலையேக்கா."

"அப்பப் பேசாம இரு."

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குதிரைக்காரர் சங்கம் கூடி, சவாரிக் குதிரைக்கு எண் போட்ட தகரப் பட்டை ஒன்றுதான் வழக்கம் என்றாலும் இது விசேஷம் என்று தீர்மானித்து, கழுத்துக்கு முப்பத்தேழு என்று ஒன்றும் கால்களுக்கு முப்பத்தேழு அ, ஆ, இ, ஈ என்று நான்கும் அடித்துக் கொடுத்தது. கால்நடை மருத்துவர் வந்து நாக்கைப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, நோய் ஒன்றுமில்லை, சுபாவம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அந்தோனியார் திருநாளன்று ஆடு மாடு கோழிகளோடு வரிசையில் நின்ற சாம்பிராணியின் மேல் ஒரு தரம் தீர்த்தம் தெளித்துவிட்டு நகர்ந்த பங்குச் சாமியார், தீர்த்தச் செம்பு பிடித்து வந்த கோயில்பிள்ளை காதில் ஏதோ சொன்னதும் திரும்பி வந்து, காலுக்கு ஒரு தரமாக இன்னும் நாலு தரம் தெளித்தார். லாடம் அடிக்கிற ஆசாரி, ஒன்று ஒத்துக்கொள்கிற நாளில் மற்றது ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறது என்று நாலு செவ்வாய்க்கிழமை நடந்தார். சோளக்கதிர் சுடுகிற பெண்கள் ஆளுக்கொரு காலாகக் கட்சி பிரிந்து, என் கால் உன் காலைவிடச் சமத்து என்று கரியை விசிறிக்கொண்டே சண்டை போட்டார்கள். ஆரம்பப் பள்ளி வாத்தியார் ஒருவர் மட்டும் மூன்று நாள் தொடர்ந்து வந்து, கைகட்டி நின்று பார்த்துவிட்டுப் போனார். அவர் வகுப்பில் நாற்பது பிள்ளைகள்.

வலது முன்னங்கால் ஒரு தரம் சொன்னால் பிடித்துக்கொண்டது, இரண்டாம் தரம் சொன்னால் எனக்குத் தெரியாதா என்று கோபித்துக்கொண்டு தரையை உதைத்தது. இடது முன்னங்கால் பயந்தாங்கொள்ளி. தண்ணீர் தேங்கிய பள்ளம், சாக்கடை மூடி, காலி பாட்டில் என்று எதுவானாலும் மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தாண்டும், நடுவில் அவசரப்படுத்தினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். வலது பின்னங்காலுக்குப் பேச்சு ஏறவில்லை, தாளம் வேண்டியிருந்தது. பவுனுத்தாய்க்குப் பாட்டு வராது. யோசித்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் கண்டக்டர் கூவுகிற ஊர்ப்பெயர்களை "வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி" என்று இழுத்து இழுத்துச் சொன்னாள், கால் அதற்கு மசிந்தது. மாசி பிறப்பதற்குள் மூன்று கால்களுக்கும் நட, நில், திரும்பு, பொறு என்ற நான்கும் தெரிந்துவிட்டன.

மிச்சம் இடது பின்னங்கால். அதற்குப் பயமும் இல்லை, முரண்டும் இல்லை. நில் என்றால் அரை அடி தள்ளி நிற்கும். நட என்றால் மற்ற மூன்றும் போன பிறகு, போய்த்தானே ஆகவேண்டும் என்று சர்க்கென்று தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். சொல்லிப் பார்த்தாள், சொல்லாமல் பார்த்தாள், தொட்டுக் காட்டினாள், ஊர்ப்பெயர்களைக் கன்னியாகுமரி வரைக்கும் நீட்டிப் பார்த்தாள். வெல்லக்கட்டியைக் குளம்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், அதைக் காலுக்குத் தெரியாமல் வாய் வந்து தின்றுவிட்டது. காலைக் கட்டு, கல்லைத் தொங்கவிடு, பிரம்பால் இரண்டு வை என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "கட்டுனா, கட்டு இருக்குற மட்டும் நடக்கும், அவுத்ததும் விட்டுரும்" என்று சொல்லிவிட்டு மறுபடி நின்றாள். மாசி முழுக்க நின்றாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கதவைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் நிலையில் சாய்ந்துகொண்டிருப்பாள்.

பங்குனி பிறந்ததும் காஜா வந்தான், முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"கீழ செங்கச் சூளைக்காரரு கேட்டுக்கிட்டே இருக்காருக்கா. கல்லு சொமக்குறதுக்கு நாலு காலும் படிச்சிருக்கணும்னு இல்லையாம்."

"நீ என்ன சொன்ன?"

"சீசன் வரைக்கும் பாப்பம்னு சொல்லியிருக்கேன். நானும் என்னக்கா பண்ணுவேன்?"

சூளைக்குப் போன குதிரையை இரண்டாம் வருடம் யாரும் பார்த்ததில்லை. பவுனுத்தாய் கைக்குக் கயிறு மாறிய குதிரை ஒன்றுகூட இதுவரை சூளைக்கென்று மலையிறங்கியது கிடையாது. இதுவும் இறங்கக்கூடாது, அதைத் தவிர அந்த வருடம் அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்துச் சங்கத்திலிருந்து கடிதாசி வந்தது. எழுதியவர் செயலாளர் மிக்கேல். பெரிய மனிதர், நல்ல கையெழுத்து, ஆனால் புள்ளி வைத்த எழுத்துகளின் மேல் அவருக்கு ஏனோ அக்கறை கிடையாது. ஒரு தடவை, மாலை எட்டு மணிக்குக் கூட்டம் என்று எழுதவேண்டியதை மாலை எடு மணிக்குக் கூட்டம் என்று எழுதி ஒட்டி, இரண்டு பேர் யாருக்கோ மரியாதை செய்யப்போகிறார்கள் என்று நினைத்துக் கதம்ப மாலையோடு வந்து நின்றார்கள். இந்தக் கடிதாசியில், பங்குனி முடிவதற்குள் மேற்படி குதிரையைப் பழக்கி முடிக்கவும், தவறினால் பட்டை திரும்பப் பெறப்படும் என்று எழுத நினைத்தவர், மேற்படி குதிரையைப் பழகி முடிக்கவும் என்று எழுதியிருந்தார்.

டீக்கடையில் அதைப் படித்த எல்லோரும் பழக்கி என்றே படித்தார்கள். பவுனுத்தாய் அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டப் படித்தவள், இன்றைக்கும் விரலை வைத்துத்தான் படிப்பாள். விரல் வைத்துப் படிக்கிறவர்கள் எழுதியிருப்பதைத்தான் படிப்பார்கள்.

"ப, ழ, கி. இதுல பழகின்னுல்ல போட்டிருக்கு."

"அது மிக்கேலண்ணன் கைப்பிசகுக்கா" என்றான் காஜா. "பழக்கத்தான் சொல்றாரு."

"சரிதான்" என்றாள். ஆனால் கடிதாசியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டவளுக்கு அந்த வார்த்தை மனதை விட்டு இறங்கவில்லை. எத்தனை குதிரைகளைப் பழக்கியிருக்கிறாள். ஒன்றோடாவது பழகியிருக்கிறாளா? பழக்கி முடித்ததும் கயிற்றைச் சொந்தக்காரன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கயிற்றை வாங்கிக்கொள்வாள். மனிதர்களோடும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கிறாள் என்று தோன்றியபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மறுநாள் கயிற்றை அவிழ்த்து வேலியில் போட்டுவிட்டு, புல்தரையில் நின்ற சாம்பிராணியின் இடது பின்னங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். குதிரைக்குப் பின்பக்கம் போய் உட்காருகிறவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் எந்த ஊரிலும் சொல்வார்கள். ஆனால் நான்கு கால்களுக்கும் பட்டை அடித்துக் கொடுத்த ஊர் அந்தப் பக்கம் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டது. காலிடம் அவள் எந்தப் பாடமும் எடுக்கவில்லை. ரேஷன் கடையில் இந்த மாதமும் பருப்பு வராததைச் சொன்னாள். திருப்பூருக்குப் போன மகன் போன் பேசும்போது பின்னால் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பதைச் சொன்னாள். சொல்ல ஒன்றுமில்லாதபோது சும்மா இருந்தாள். நாலாம் நாள் அந்தக் கால் குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி, மடங்கி, அவள் தோள்மேல் லேசாகச் சாய்ந்துகொண்டது. இரண்டு பேருமாக வெயிலில் கண்ணயர்ந்தார்கள்.

பத்தொன்பதாம் நாள் தண்ணீர் கொண்டுவர எழுந்து வாளியோடு குழாயடிக்கு நடந்தாள். குதிரையும் கூடவே வந்தது. சர்க் என்ற சத்தம் பின்னால் கேட்டது. அதே சத்தம் இன்னொன்று தனக்குக் கீழேயும் கேட்பதை அப்போதுதான் கவனித்தாள். நின்றாள், இரண்டு சத்தமும் நின்றன. வலது காலை முன்னால் வைத்து இடது காலை இழுத்தாள். பின்னால் அதுவும் இழுத்தது, அதே அளவு, அதே தாமதம், தரையில் ஊன்றுவதற்கு முன் அவள் படுகிற அதே தயக்கம். ஏழு வருடத்துக்கு முன்னால் மழையில் சறுக்கி விழுந்து, வைத்தியரிடம் போக நேரமில்லாமல் மறுநாளே குதிரைக்கு முன்னால் நடந்து, சீசன் முடியட்டும், இந்தச் சீசன் முடியட்டும் என்று ஏழு சீசன் தள்ளிப்போட்ட முழங்காலை அந்தக் கால் அப்படியே படித்து வைத்திருந்தது. எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று மூன்று மாதமாக அவள் குறைப்பட்டுக்கொண்டிருந்த கால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் நாளே, அவளைக் கற்றுக்கொண்டுவிட்டது.

வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெற்ற மகனே கவனிக்காததை ஒரு வாயில்லாத ஜீவன் இத்தனை கவனமாகப் பார்த்திருக்கிறதே என்றுதான் அழுதாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நொண்டிக் காலை வைத்துக்கொண்டா இத்தனை நாள் குதிரைக்கு நடை சொல்லிக் கொடுத்தாய் என்று கேட்பார்கள். கயிற்றைக் காஜா கையில் கொடுத்து நடத்திப் பார்க்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்புக்கும் தண்ணீர்ப் பானைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவன் திரும்பி வந்து இன்னும் இழுக்குதுக்கா என்றான். ஆக, அவள் பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் அவள் கால் போகிறபடிதான் அதுவும் போகும். பங்குனி முடிய இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து முழங்காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இருபது வயதுப் பெண் மாதிரி நேராக நடந்தாள்.

இடது பின்னங்காலும் நேராக நடந்தது. ஏரிக்கரையே சந்தோஷப்பட்டது. அந்தக் காலின் கட்சியைச் சேர்ந்த சோளக்கதிர்க்காரி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஆளுக்கொரு கதிர் கொடுத்தாள், காஜா சூளைக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்வதற்கு வாய் துடித்துக்கொண்டு இருந்தான். பவுனுத்தாய் மட்டும் குதிரையைக் கட்டும்போது அந்தத் தொடையில் கையை வைத்துப் பார்த்தாள். தோலுக்கு அடியில் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. வலியை மறைப்பதையும் அது கற்றுக்கொண்டுவிட்டது.

"இத ஒனக்கு நான் சொல்லித் தரலையே ஆத்தா" என்றாள் அவள்.

பங்குனிக் கடைசி நாள் காலையில் மிக்கேல் சோதனைக்கு வந்தார். வழக்கப்படி செயலாளர் குதிரைமேல் ஏறி ஏரியை ஒரு முழுச் சுற்று வரவேண்டும், பழக்கியவர் முன்னால் நடக்கவேண்டும், குதிரை ஓரிடத்திலும் தடுமாறக்கூடாது. மிக்கேல் கனத்த உடம்பு. படகுத்துறையைத் தாண்டியது, பலூன்காரர்களைத் தாண்டியது, ஹாரனை அழுத்திப்பிடித்துக்கொண்டு ஒரு வேன் உரசிக்கொண்டு போனது, நான்கு கால்களும் மிரளாமல் நடந்தன. பாதி ஏரி ஆயிற்று. பைன் மரங்களுக்குப் பக்கத்தில் சாலை மேடேறுகிற வளைவில் பவுனுத்தாயின் முழங்காலுக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. இன்னும் ஒரு அடி வைத்தாள். அதற்கடுத்த அடியை வைக்கப் போனபோது, பின்னால் குதிரை வலியில் மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் கேட்டது. நின்றுவிட்டாள்.

"என்னால முடியல" என்றாள்.

முப்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை, சொல்லிப் பார்த்தபோது நாக்குக்கே புதிதாக இருந்தது. அப்படியே நடுச்சாலையில் உட்கார்ந்தாள். இடது பின்னங்கால் மடங்கியது. குதிரையின் பின்பக்கம் ஒருபுறமாகத் தாழ, மற்ற மூன்று கால்களும் பிடித்துக்கொள்ள, மிக்கேல் மெதுவாகச் சறுக்கித் தார்ச்சாலையில் வந்து இறங்கினார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. பின்னாலேயே வந்துகொண்டிருந்த காஜா ஓடி வந்தான்.

"போச்சேக்கா, எல்லாம் போச்சே. காலு ஒடிஞ்சிருச்சா?"

"அது காலுல ஒண்ணுமில்ல தம்பி. என் காலு. என் நடையத்தான் அது நடந்துக்கிட்டு இருக்கு. இத்தன நாளும் அதான்."

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். மிக்கேல் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அவள் முழங்காலைப் பார்த்தார், குதிரையின் காலைப் பார்த்தார், மறுபடி முழங்காலைப் பார்த்தார்.

"எத்தன வருசமாத்தா?"

"ஏழு."

"தெனமும் எங்க கண்ணு முன்னாலதான நடந்துக்கிட்டு இருந்த" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. காஜா ஒருபுறம் சரிந்திருந்த சேணத்தை நிமிர்த்தி, வாரை இழுத்துக் கட்டினான். அவசரக்காரன் ஒரு வேலையை அவ்வளவு மெதுவாகச் செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"ஏறுங்கக்கா" என்றான்.

"எதுல?"

"குதிரையிலதான்."

"நான் ஏறுனதில்லையே தம்பி."

உண்மைதான். நூறு குதிரைகளுக்கு மேல் பழக்கியவள், ஒன்றின் முதுகிலும் உட்கார்ந்ததில்லை. அவள் வேலை முன்னால் நடப்பது. ஏறச் சொல்லி யாரும் சொன்னதில்லை, ஏறலாம் என்று அவளுக்கும் தோன்றியதில்லை. காஜா ஒரு பக்கமும் மிக்கேல் ஒரு பக்கமுமாக அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள். இரண்டு கால்களும் தரையை விட்டுத் தொங்கின. முழங்காலின் மேலிருந்து ஏழு வருடப் பாரம் இறங்கியது. வலி எங்கே என்று அவளே ஒரு நிமிஷம் தேடிப் பார்த்தாள்.

இடது பின்னங்கால் நிமிர்ந்தது. நட என்று யாரும் சொல்லவில்லை. ஒரு தரம் காற்றில் உதறிவிட்டுத் தரையில் ஊன்றியது, அடுத்த அடியை எடுத்து வைத்தது, தேய்க்கிற சத்தம் இல்லை, நடுக்கமும் இல்லை, மேட்டில் ஏறி இறங்கி, மிச்சமிருந்த பாதி ஏரியையும் மற்ற மூன்று கால்களோடு ஒன்றாக நடந்தது. பின்னால் காஜாவும் மிக்கேலும் நடந்தார்கள். நின்ற வண்டிகள் எல்லாம் அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தன.

சங்கக் கொட்டகை முன்னால் வந்ததும் மிக்கேல், "தேறிருச்சு, நாலும் தேறிருச்சு" என்று சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எறக்கிவிடுப்பா, பவுனு கையெழுத்துப் போடணும்ல."

காஜா கிட்டே போய் அண்ணாந்து பார்த்தான். பவுனுத்தாய் பிடரியில் கன்னத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்ண்ணே" என்றான் தாழ்ந்த குரலில். "எறக்குனா அக்கா நடக்கணும்."

மிக்கேல் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். இருவரும் ஒதுங்கி வழிவிட, சாம்பிராணி அவளைச் சுமந்துகொண்டு இரண்டாவது சுற்றுக்குப் புறப்பட்டது.